ஒரே தாள், இரண்டு பெட்டிகள்: மின்படிப்பான்களின் வரலாற்றிலிருந்து

மின்னூல் படிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "கிண்டிலா, கோபோவா? எதன் திரை கண்ணுக்கு இதம்?" என்பதுதான். ஒன்றைப் பல்லாண்டுகள் கைக்கொண்டிருந்து பின்னர் மற்றொன்றுக்கு மாறிய பழக்கம் நமக்கு உண்டு என்பதால் கேட்கிறார்கள். திரையைப் பொறுத்தவரை விடை மிக எளிது. இரண்டு கருவிகளிலும் இருப்பது 'ஈ இங்க்' என்னும் ஒரே நிறுவனத்தின் மின்தாள். 2024 ஆம் ஆண்டில் இருவருமே வண்ணத்திரைக் கருவிகளை வெளியிட்டார்கள். அந்த வண்ணத் திரைகளும் அதே நிறுவனத்துடையவைதான். ஒரே ஆலையில் செய்த தாளை இரண்டு கடைக்காரர்கள் வாங்கி, வேறு வேறு அட்டை போட்டு விற்பதைப் போன்றது இது.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? தாளில் இல்லை, நூல் அந்தப் பெட்டிக்குள் வரும் வழியிலும், அதைவிட முக்கியமாக, அதிலிருந்து வெளியேறும் வழியிலும் இருக்கிறது. இதை இன்றைய கருவிகளை அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட, அவற்றின் முன்னோர்களின் கதையைப் பார்த்தால் தெளிவாக விளங்கும். அந்தக் கதையில் முதன்மையான பாத்திரம் இன்று களத்திலேயே இல்லாத சோனி நிறுவனம்.

மின்தாளின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சன் என்ற பேராசிரியரும், ஜே.டி. ஆல்பர்ட், பாரெட் காமிஸ்கி என்ற மாணவர்களும் உருவாக்கிய நுட்பம் அது. 1997 இல் 'ஈ இங்க்' நிறுவனம் தொடங்கப்பட்டது. தலைமுடியின் பருமனை ஒத்த மிகச் சிறு குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த திரவத்தில் மிதக்கும் வெண்துகள்களும் கருந்துகள்களும். இரண்டிற்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்புலத்தின் திசையை மாற்றினால் வெள்ளை மேலே வரும், அல்லது கறுப்பு மேலே வரும். வந்த துகள் மின்சாரம் நின்ற பின்னும் அங்கேயே நிற்கும். பக்கத்தைத் திருப்பும்போது மட்டுமே மின்கலம் செலவாவதற்குக் காரணம் இதுதான். ஒளியைத் தானே உமிழாமல், அச்சுத்தாளைப் போல மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெயிலிலும் படிக்க முடிகிறது. 1998 இல் வந்த 'ராக்கெட் ஈபுக்', 'சாஃப்ட்புக்' ஆகிய முன்னோடிக் கருவிகளுக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. அவை நீர்மப் படிகத் திரையோடு வந்து, சில ஆண்டுகளில் மறைந்தும் போயின.

இந்த மின்தாளை வைத்து வணிக நோக்கில் முதன்முதலாக ஒரு படிப்பானைச் செய்தது சோனி. 2004 ஏப்ரலில் ஜப்பானில் வெளியான அதன் பெயர் 'லிப்ரியே'. ஆறு அங்குலத் திரை, அதில் 800க்கு 600 புள்ளிகள். திரையின் தெளிவைக் கண்டவர்கள் வியந்தார்கள். வியப்பு நூலை வாங்கும்வரைதான் நீடித்தது. சோனி அந்தக் கருவிக்கென்று 'பிபிஈபி' என்ற தனிக் கோப்பு வடிவத்தை வகுத்திருந்தது. பணம் கொடுத்துப் பெறும் நூல் 60 நாட்களில் காலாவதியாகிவிடும்! அறுபத்தோராம் நாள் நூல் கருவியில் இருக்கும், ஆனால் திறக்காது. வாடகை நூலகத்திற்கும் புத்தகக் கடைக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்றாக அதைக் கருதியிருக்கிறார்கள். வாசகர்கள் அவ்வாறு கருதவில்லை. உலகின் முதல் மின்தாள் படிப்பான் அதன் திரையால் புகழப்பட்டு, அதன் பூட்டால் புறக்கணிக்கப்பட்டது.

சோனிக்கு இது புதிதன்று. நிகழ்படக் கருவியில் பீட்டாமேக்ஸ் என்றும், இசையில் மினிடிஸ்க் என்றும் தனக்கே உரிய வடிவங்களை வகுத்துக்கொண்டு, ஊரார் வேறு வழியில் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனம் அது. செய்நேர்த்தியில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

2006 இல் அமெரிக்காவில் 'சோனி ரீடர்' வெளியானது. பி.ஆர்.எஸ்.-500 என்பது அதன் எண். அறுபது நாள் கெடு போய்விட்டது. தனிக் கோப்பு வடிவம் மட்டும் போகவில்லை. நூல்களை வாங்கவும் ஏற்றவும் விண்டோஸ் கணினி வேண்டும். கணினியில் சோனியின் மென்பொருள் வேண்டும். இரண்டையும் இணைக்கக் கம்பி வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு வழியே இல்லை. இந்தக் குறையிலிருந்துதான் மின்னூல் உலகின் மிகப் பயனுள்ள மென்பொருள் பிறந்தது. கோவிட் கோயல் என்ற இந்திய இளைஞர் அப்போது அமெரிக்காவில் இயற்பியல் ஆய்வு மாணவர். தாம் வாங்கிய பி.ஆர்.எஸ்.-500 தம் லினக்ஸ் கணினியோடு பேச மறுத்ததால், அது பேசும் மொழியைத் தாமே கண்டறிந்து 2006 இல் 'லிப்பிஆர்எஸ்500' என்ற நிரலை எழுதினார். 2008 இல் அதற்குக் 'காலிபர்' என்று பெயர் மாற்றினார். இன்று எந்தப் படிப்பானிலிருந்து எந்தப் படிப்பானுக்கு மாறுபவரும் நாடுவது காலிபரைத்தான். ஒரு நிறுவனம் ஒரு கதவை மூடிவைத்ததால் எல்லாருக்கும் பொதுவான ஒரு சாவி கிடைத்தது என்றே நாம் கொள்கிறோம்.

இனி எதிரணிக்கு வருவோம்.

2007 நவம்பர் 19 அன்று அமேசான் 'கிண்டில்' கருவியை வெளியிட்டது. விலை 399 டாலர். ஐந்தரை மணி நேரத்தில் கைவசம் இருந்தவை அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. அதே ஆண்டில் சோனியும் தன் இரண்டாவது கருவியான பி.ஆர்.எஸ்.-505 ஐ வெளியிட்டிருந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. சோனியின் விலை ஏறத்தாழ 300 டாலர், உலோக உடல், மெல்லிய வடிவம், எட்டு நிலைச் சாம்பல் நிறங்கள். கிண்டிலோ வெள்ளை நெகிழியில் செய்த, கோணல்மாணலான ஒரு பொருள். கீழே தட்டச்சுப் பலகை. நான்கு நிலைச் சாம்பல் நிறங்களே. விலையும் அதிகம், அழகும் குறைவு, திரையும் ஒரு படி தாழ்வு. ஆனாலும் வென்றது கிண்டில்.

ஏன்? கிண்டிலுக்குள் ஒரு கைப்பேசி இணைப்பு ஒளிந்திருந்தது. 'விஸ்பர்நெட்' என்று பெயரிட்டு, ஸ்பிரிண்ட் நிறுவனத்தின் வலையமைப்பின் வழியே, மாதக் கட்டணம் ஏதுமின்றி அமேசான் அதை வழங்கியது. வாசகர் பேருந்தில் அமர்ந்தபடி ஒரு நூலைத் தேடி வாங்கலாம்; ஒரு நிமிடத்திற்குள் நூல் கைக்கு வந்துவிடும். கணினி தேவையில்லை, கம்பி தேவையில்லை. கடையில் தொடக்கத்திலேயே ஏறத்தாழ 90,000 நூல்கள் இருந்தன. மிகுதியாக விற்கும் புது நூல்கள் பல 9.99 டாலருக்குக் கிடைத்தன. 2005 இலேயே மோபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தை அமேசான் வாங்கி, அதன் கோப்பு வடிவத்தைத் தன்னுடையதாக்கிக் கொண்டிருந்தது. ஆக, கிண்டிலின் கோப்பும் தனிக் கோப்புதான், அதன் பூட்டும் தனிப் பூட்டுதான். நூல் உள்ளே வரும் வாயில் அவ்வளவு அகலமாக இருந்ததால், வெளியே போகும் வாயில் இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சோனியின் கருவியிலோ உள்ளே வரும் வாயிலே குறுகலாக இருந்தது.

வெளிவாயிலைப் பற்றிய கேள்வி 2009 ஜூலையில் எழுந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களை, அமெரிக்காவில் அவற்றை விற்கும் உரிமை இல்லாத ஒருவர் கிண்டில் கடையில் ஏற்றி விற்றிருந்தார். உரிமையாளர் முறையிட்டதும் அமேசான் கடையிலிருந்து அவற்றை நீக்கியதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தும் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது உண்மை. ஆனால் கடைக்காரர் இரவில் நம் வீட்டிற்குள் நுழைந்து, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசைமேல் காசை வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அதிலும், ஆட்சியாளர்கள் பழைய ஏடுகளை அழித்து வரலாற்றைத் திருத்துவதைப் பேசும் நாவலே அவ்வாறு அழிக்கப்பட்டது. எந்தப் புனைகதையாசிரியரும் இப்படி ஒரு நிகழ்ச்சியை எழுதியிருந்தால் மிகை என்று நாமே ஒதுக்கியிருப்போம். அமேசானின் தலைவர் ஜெஃப் பெசோஸ் ஒரு வாரத்திற்குள் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். பள்ளி மாணவர் ஒருவர், தம் குறிப்புகள் மூலநூலை இழந்து பொருளற்றுப் போயின என்று வழக்குத் தொடுத்தார். 1,50,000 டாலரில் அது சமரசமாக முடிந்தது.

இதே 2009 இல் சோனி எதிர்த்திசையில் திரும்பியது என்பதுதான் நாம் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. பன்னாட்டு எண்மப் பதிப்பு அமைப்பு 2007 இல் 'ஈபப்' என்ற பொதுவடிவத்தை அறிவித்திருந்தது. இணையப் பக்கங்கள் எழுதப்படும் அதே முறையில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே பொதியாகச் சுருக்கி வைப்பதுதான் அது. எந்த நிறுவனத்திற்கும் சொந்தமன்று. 2008 இல் ஒரு மென்பொருள் மேம்பாட்டின் மூலம் பி.ஆர்.எஸ்.-505 ஈபப் கோப்புகளைப் படிக்கக் கற்றுக்கொண்டது. 2009 ஆகஸ்டில், தன் கடை முழுவதையும் ஈபப்புக்கு மாற்றப்போவதாகச் சோனி அறிவித்தது. அடோபி நிறுவனத்தின் பூட்டு அதன்மேல் இருந்தது; எனினும் அந்தப் பூட்டை ஏற்கும் பிற நிறுவனங்களின் கருவிகளிலும் அந்நூல்களைப் படிக்கலாம். தனி வடிவங்களின் மீது தீராக் காதல் கொண்டிருந்த சோனி, வாழ்வில் ஒருமுறை பொதுவழிக்கு வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

2014 பிப்ரவரியில் சோனி தன் வட அமெரிக்க மின்னூல் கடையை மூடுவதாக அறிவித்தது; மார்ச்சில் மூடியது. வாசகர்களையும் அவர்கள் வாங்கியிருந்த நூல்களையும் கனடாவின் கோபோ நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பல்லாயிரம் வாசகர்கள் தாம் கேட்காமலேயே ஒரு படிப்பானின் கடையிலிருந்து மற்றொன்றின் கடைக்கு மாறினார்கள். அந்த இடப்பெயர்ச்சி ஓரளவு ஒழுங்காக நடந்ததற்குக் காரணம் இருதரப்பும் ஈபப் வழியில் இருந்ததுதான். எனினும், கோபோவின் பட்டியலில் எந்த நூல் இல்லையோ அந்த நூல் உடன்செல்லவில்லை. ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோரின் நிலைமையும் இதுவேதான். பழைய சுவடி செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் எழுதப்பட்டது பிழைத்தது. எழுதுவோர் கைக்கு வராதது மறைந்தது. நூலின் சிறப்புக்கும் அது பிழைப்பதற்கும் தொடர்பிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கோபோவைப் பற்றிச் சில வரிகள். கனடாவின் இண்டிகோ புத்தகக் கடைகளிலிருந்து 2009 இல் கிளைத்தது அது; 'புக்' என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால் 'கோபோ' வரும். 2010 இல் வெளியான முதல் கருவியின் விலை 149 டாலர். உரிமை காலாவதியான நூறு செவ்வியல் நூல்கள் அதிலேயே ஏற்றப்பட்டிருந்தன. 2012 தொடக்கத்தில் ஜப்பானின் ரக்குடென் அதைத் தன்வயமாக்கியது. மின்தாளில் முதல் படிப்பானைச் செய்த நாட்டிற்கே, அதன் வாசகர்களை ஏற்கப்போகும் நிறுவனம் சென்று சேர்ந்தது!

ஆக, இன்று ஒருவர் கிண்டிலையும் கோபோவையும் ஒப்பிடும்போது, அறிந்தோ அறியாமலோ 2009 இன் இரண்டு முடிவுகளைத்தான் ஒப்பிடுகிறார். கிண்டில் தன் வழியிலேயே சென்றது. மின்னஞ்சல் வழியாக அனுப்பும் ஈபப் கோப்புகளை அது ஏற்கத் தொடங்கியதே 2022 இல்தான். அப்போதும் தன் வடிவத்திற்கு மாற்றிக்கொண்டுதான் கருவியில் சேர்க்கிறது. வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கிக் கம்பிவழியே கருவிக்கு மாற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் நீக்கியது. கோபோ ஈபப்பை நேரடியாகவே ஏற்கிறது. தன் கருவிகள் சிலவற்றைப் பிரித்துப் பழுதுபார்ப்பதற்கான உதிரிப் பாகங்களும் வழிகாட்டிகளும் கிடைக்க 2024 இல் ஏற்பாடு செய்தது. கோபோவைத் தருமவான் என்று கொண்டாட வேண்டியதில்லை. அதன் கடையில் விற்கும் நூல்களிலும் பெரும்பாலானவை பூட்டோடுதான் வருகின்றன. அவற்றைக் கிண்டிலுக்குக் கொண்டுபோக முடியாது. நூல்களின் எண்ணிக்கையிலும் அமேசானின் கடைக்கு அது ஈடாகாது. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை அந்த இடைவெளி இன்னும் பெரிது.

தமிழைப் பற்றிச் சொல்லும்போது சற்றே நின்றுதான் போக வேண்டியிருக்கிறது. ஆங்கில வாசகருக்குக் கோப்பு வடிவம் மட்டுமே சிக்கல். நமக்கோ எழுத்தே சிக்கல்.

ஒருங்குறியில் 'கெ' என்ற எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது? முதலில் 'க', அதன்பின் ஒற்றைக்கொம்பு. ஒலியின் வரிசை அது. கண் காண்பதோ கொம்பை முதலில், ககரத்தைப் பின்னர். 'கொ' என்பதில் பின்னால் சேமிக்கப்பட்ட ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, ககரத்தின் முன்னும் பின்னும் நிறுத்த வேண்டும். 'கு', 'மு', 'து' ஆகியவற்றில் மெய்யும் உயிர்க்குறியும் ஒன்றாய் உருகிப் புது வடிவம் கொள்கின்றன. இந்த வேலையையெல்லாம் எழுத்துருவும், அதைக் கையாளும் மென்பொருளும் சேர்ந்து செய்ய வேண்டும். ஆங்கிலத்திற்கென்று செய்யப்பட்ட தொடக்ககாலப் படிப்பான்களில் அந்த மென்பொருள் இல்லை. அத்தகைய கருவியில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துருவை எப்படியோ புகுத்திவிட்டால், கொம்புகள் தம் எழுத்தை விட்டுவிட்டு அடுத்த எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் இணையத் தமிழர் பயன்படுத்திய திஸ்கி போன்ற குறியேற்றங்கள் கண் காணும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்தவை. கொம்பு முதலில், எழுத்து பின்னர். 'கு', 'மு' போன்றவற்றுக்குத் தனித்தனி இடங்களும் அவற்றில் இருந்தன. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டம், நம் இலக்கியங்களை அத்தகைய எழுத்துகளில்தான் முதலில் ஏற்றியது. பின்னரே ஒருங்குறிக்குப் பெயர்த்தது. ஏடு பெயர்த்தெழுதும் தொழில் அங்கேயும் தொடர்ந்தது என்க. பழைய குறியேற்றம் அறிவற்ற கருவியிலும் ஒழுங்காகத் தெரியும். ஆனால் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ உதவாது, உரிய எழுத்துரு இல்லாதவரிடம் போனால் வெறும் குப்பையாகும். ஒருங்குறி உலகெங்கும் செல்லும். ஆனால் கருவிக்குத் தமிழ் 'தெரிந்திருக்க' வேண்டும்.

அதுவரை நமக்குக் கைகொடுத்தது பி.டி.எஃப். என்னும் வடிவம். பக்கத்தை அச்சுப் போலவே உறையவைத்து, எழுத்துருவையும் உள்ளேயே சுமந்து செல்வதால் எழுத்து சிதையாது. ஆனால் ஏ-4 தாளுக்கென வகுத்த பக்கத்தை ஆறு அங்குலத் திரையில் திறந்தால், எறும்பு வரிசையைப் படிக்க முயல்வதைப் போன்றதே. 2013 இல் தொடங்கப்பட்ட 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளத்தின் தன்னார்வலர்கள் இதற்கு ஒரு நடைமுறை வழி கண்டார்கள். ஒவ்வொரு நூலையும் ஈபப், மோபி ஆகிய வடிவங்களோடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்துச் செய்த பி.டி.எஃப். கோப்பாகவும் வெளியிட்டார்கள். கருவி செய்யும் பெரு நிறுவனங்கள் செய்யாத வேலையை, கோப்பைச் செய்யும் சிறுகுழு தன்மேல் எடுத்துக்கொண்டது. பின்னாளில் மின்படிப்பான்களின் தமிழ் வரலாற்றை எழுதுவோர், கருவிகளின் பெயருக்கு முன் இந்த ஆறு அங்குலக் கோப்பைத்தான் குறிப்பிட வேண்டும் என்பது நம் எண்ணம்.

அமேசான் 2016 இறுதியில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை வெளியிடத் தொடங்கியது. கொம்புகள் தம் இடத்தில் நின்றன. எழுத்தாளர்கள் பதிப்பாளரின் துணையின்றித் தாமே நூல்களை ஏற்றினார்கள். அச்சில் கிடைக்காத பழைய நாவல்கள் பல மீண்டும் வாசகரை அடைந்தன. இது பெரிய நன்மை. இதை மறைத்துக் கிண்டிலைக் குறைசொல்வது முறையாகாது. கோபோவின் கருவியில், நாம் விரும்பும் தமிழ் எழுத்துருவை அதற்குரிய கோப்புறையில் நாமே போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதன் கடையில் நின்று தமிழ்ப் புதுநாவலைத் தேடுபவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

மாறுபவர் எதை எடுத்துச் செல்கிறார் என்று இப்போது பார்க்கலாம். மதுரைத் திட்டத்தின் இலக்கியங்கள், தன்னார்வலர்கள் வெளியிட்ட நூல்கள், நாட்டுடைமை ஆக்கப்பட்ட ஆசிரியர்களின் படைப்புகள் ஆகியவை சில நிமிடங்களில் ஒரு கருவியிலிருந்து மறுகருவிக்குச் சென்றுவிடுகின்றன. காலிபர் இருந்தால் வடிவ மாற்றமும் ஒரு சொடுக்கில் முடிகிறது. நம் கைபேசியிலும் கணினியிலும் அவற்றுக்கு ஒரு படி இருந்துகொண்டே இருக்கும். பூட்டோடு வாங்கியவை வாங்கிய கடையோடு நிற்கின்றன, எத்திசையில் மாறினாலும். நாம் மாறியபோது சங்க இலக்கியமும் கம்பனும் உடன்வந்தார்கள். சமகால நாவல்கள் வரவில்லை. இரண்டு கருவிகளையும் மேசைமேல் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

சோனியின் கதையில் ஒரு சிறு எச்சம் இன்னும் இருக்கிறது. அதன் தனிக் கோப்பு வடிவத்தில் இரண்டு வகைகள் இருந்தன. பூட்டில்லாத கோப்பின் பெயர் 'எல்.ஆர்.எஃப்.' என்று முடியும்; கடையில் வாங்கிய, பூட்டிய கோப்பின் பெயர் 'எல்.ஆர்.எக்ஸ்.' என்று முடியும். பி.ஆர்.எஸ்.-500 வெளிவந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகின்றன. அதைச் செய்தவர்கள் மறந்துவிட்டார்கள், கடையும் இல்லை. 2006 இல் யாரோ ஒருவர் தமக்கென்று செய்துவைத்த எல்.ஆர்.எஃப். கோப்பை இன்றைய காலிபரில் இட்டால் திறக்கிறது. ஈபப் ஆக மாற்றி எந்தக் கருவியிலும் படிக்கலாம். அதே ஆண்டில் பணம் கொடுத்து வாங்கிய எல்.ஆர்.எக்ஸ். கோப்பை அதில் இட்டால் திறப்பதில்லை.